கணக்குக் கேட்பது பாவமல்ல

முற்றிய நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்த வீட்டில் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டு: "இந்த மருந்துக்கு எவ்வளவு ஆகும், அதனால் எத்தனை மாதம் கிடைக்கும்?" மகன் கேட்டால் பெற்ற தகப்பனுக்குக் காசு பார்க்கிறான் என்பார்கள். ஆகவே வாயை மூடிக்கொண்டு நகையை அடகு வைக்கிறான். இந்த மௌனத்தைப் பாசம் என்று நான் ஒப்பமாட்டேன்.

அமெரிக்காவில் இந்த நோயாளிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நான்கு விதக் கீமோவை ஒப்பிட்டார்கள். மூன்றில் சிஸ்பிளாட்டினோடு வேறொரு மருந்து, நான்காவதில் கார்போபிளாட்டினும் பாக்லிடாக்சலும். 2002-இல் முடிவு வெளியானது. எதுவும் எதையும் மிஞ்சவில்லை. பாதிப் பேர் எட்டு மாதம்கூடத் தாண்டவில்லை.

ஆயுள் ஒன்றே என்றால் பார்க்க வேண்டியது விலையும் வேதனையும்தானே? சிஸ்பிளாட்டின் பழைய, மலிவான மருந்து. ஆனால் வாந்தி குடலைப் புரட்டும். சிறுநீரகத்தைக் காக்க மணிக்கணக்கில் சலைன் ஏற்ற வேண்டும். கார்போபிளாட்டினில் அந்தத் தொல்லை குறைவு. பாக்லிடாக்சல் விரல் நுனிகளை மரத்துப்போக வைக்கும். சட்டைப் பொத்தான் போடக்கூட இன்னொருவர் கை தேவைப்படலாம். மருந்துச் சீட்டில் இதெல்லாம் எழுதியிருக்காது.

பிரிட்டனில் நைஸ் என்ற அரசு அமைப்பு, நலமாக வாழும் ஓர் ஆண்டுக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை என்று நெடுங்காலம் வரம்பு வைத்திருந்தது. கல்நெஞ்சம் என்று திட்டினார்கள். எனக்கு அது நேர்மையாகவே படுகிறது. பொதுப்பணம் ஒருவருக்குப் போனால் இன்னொருவருக்குக் குறையும். அந்த இன்னொருவரும் யாரோ ஒருத்தியின் தகப்பன்தான். இங்கே பலருக்கும் கைக்காசு என்பதால், குறைவது பேத்தியின் படிப்பு.

பாஸ்டனில் இதே நோயுள்ள 151 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வு 2010-இல் வந்தது. வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலேயே வலிதணிப்பு மருத்துவமும் பெற்றவர்களில் பாதிப் பேர் 11.6 மாதத்தைத் தாண்டினார்கள்; பெறாதவர்களில் பாதிப் பேர் 8.9 மாதத்தை. இத்தனைக்கும் முதல் பிரிவினருக்குக் கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சை குறைவாகவே தரப்பட்டது. வலியைத் தணிப்பதைக் கைவிடுவதாக நினைக்கும் உறவினர்கள் இதைப் படிக்க வேண்டும்.

இன்று சிலருக்கு மரபணு மாற்றத்துக்கேற்ற மாத்திரைகள் இருக்கின்றன. அந்த மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையை முதலில் கேளுங்கள். எத்தனை மாதம் கூடும், எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் போகும், மொத்தச் செலவு என்ன, விட்டால் என்ன ஆகும் என்று மருத்துவரிடம் கூசாமல் கேளுங்கள். நோயாளியை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்காதீர்கள். அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள்.