நோயுற்ற முதுபூனையும் நுகர்வினையும்

சைவ மெய்ந்நூல்கள் உயிர்களைப் பசு என்னும் ஒரு பெயரானே வழங்கும். மக்கள், விலங்கு, பறவை என்னும் வேற்றுமை உடம்பின்கண்ணதேயன்றி உயிரின்கண்ணதன்று. இவ்வுண்மையை ஏட்டிற் படித்து உடன்படுவார் பலர். இல்லத்தின் மூலையில் மூப்பும் நோயும் உற்றுக் கிடக்கும் ஒரு பூனையின் முன்னின்று உடன்படுவார் சிலரே. ஆதலின் அவ்வுயிரைப் பேணுதல் நம் கடனோ அன்றோ என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதிர்ந்த பூனைகட்குப் பெரிதும் வருவது சிறுநீரகத் தேய்வு. அதன்கண் அழிந்த பகுதி மீளத் தழைப்பதில்லை. ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போகும்வரை புறக்குறி தோன்றாமையும் உண்டு. பின்னர்ப் பூனை மிகுதியாக நீர் பருகும், மிகுதியாகச் சிறுநீர் கழிக்கும், உடல் மெலியும், உணவை வெறுக்கும், இடமறியாது இல்லத்தை நனைக்கும். முற்றத் தீர்க்கும் மருந்து இல்லையாயினும், பாஸ்பரஸ் குறைந்த உணவு, குறைவற்ற நீர், மருத்துவர் காட்டிய முறையில் தோலின்கீழ் ஏற்றும் உப்புநீர் ஆகியவற்றால் திங்கள் பலவும், சிலபோது ஆண்டு சிலவும் அது அமைதியாக வாழ்தல் கூடும்.

இந்நிலையில் நம்மவருட் சிலர் செய்வது யாது? எலி பிடித்த காலமெல்லாம் பால் வார்த்தவர், இல்லம் தீட்டுப்படுகின்றது என்று கூறி, அதனைச் சாக்கிலிட்டுக் கட்டி ஊர்ப்புறத்தே விட்டு மீள்கின்றனர். பூனையைக் கொன்ற பாவம் பொல்லாதது என்று அஞ்சியே கொல்லாது விடுகின்றனர். இவர் கொலையின் பயனை அஞ்சினரேயன்றி உயிரின் துன்பத்தை அஞ்சினரல்லர். நீர்வேட்கையே நோயாகவுடைய உயிரை நீரற்ற இடத்தில் விடுதல் கைபடாத கொலையேயாம். நனைந்த தரையை நீர்விட்டுக் கழுவலாம். இவ்வினையைக் கழுவும் நீர் யாது?

“அவ்வுயிர் தன் பிராரத்தத்தை நுகர்கின்றது, நாம் இடைபுகுதல் இறைவன் ஆணைக்கு மாறன்றோ?” எனின், அற்றன்று. வினையை அளந்து ஊட்டுவோன் இறைவனே. அவ்வளவினை நாம் அறியேம். நோய் அதன் நுகர்வினையாயின், அந்நோயிடையே வந்து நீர் ஊட்டும் கையும் அதன் நுகர்வாதல் கூடாதோ? அன்றியும், அதற்குப் பிராரத்தமாய் நிற்கும் இடமே நமக்கு ஆகாமியம் ஏறும் இடமாகும். அதன் வினையைச் சொல்லி நம் வினையை மறத்தல் அறிவுடைமையன்று. கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்கள் குளிர்சுரத்தால் வருந்தியபோது, திருஞானசம்பந்தப் பிள்ளையார் வினைப்பயன் என்று வாளாவிருந்தாரல்லர். திருநீலகண்டத் திருப்பதிகம் அருளித் தீர்த்தனர். உய்யும் வழி நாடாமை குறையேயாம் என்பது அப்பதிகத்தின் முதற்பாட்டிலேயே பெறப்படும்.

அது மக்கட்குச் செய்தது. விலங்கிற்கு ஆமோ எனின், திருவிளையாடற் புராணத்தில் தாயிழந்த பன்றிக்குட்டிகட்குச் சோமசுந்தரக் கடவுளே தாய்ப்பன்றியாய் வந்து முலை கொடுத்தமை காண்க. இழிந்த பிறப்பென்று இறைவன் ஒதுக்காததனை அடியவன் ஒதுக்குதல் எங்ஙனம்?

புலால் மறுத்தோர்க்கு இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. பூனையின் உடம்பு ஊனுணவினாலேயே நிலைபெறுவது. அவ்வுணவிலுள்ள டாரின் என்னும் பொருள் குறைந்தால் அதன் கண் கெடுமென்பது 1975-லும், இதயத்தசை தளருமென்பது 1987-லும் அறியப்பட்டன. இவ்வியல்பு இறைவன் அதற்குக் கூட்டிய தநுகரணங்களின் வழிப்பட்டது. நோன்பு என்பது அறிந்து ஏற்றார்க்கே நோன்பாம். வாயில்லா உயிர்மேல் ஏற்றினால் அது பட்டினியாம். அதற்குரிய உணவை வாங்கும் கையில் குறை சிறிதும் ஒட்டாது என்று யாம் சொல்லேம். அடைக்கலமாக வந்ததனைக் குருடாக்குதலினும் அக்குறை சிறிது என்பதே எம் கருத்து.

அன்போடு அறிவும் வேண்டும். மக்கள் காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமால் பூனைக்கு உயிர்போக்கும் நஞ்சு. இரக்கத்தால் அதனை ஊட்டினும் நஞ்சு நஞ்சேயாம்.

இறுதியாக, தீராநோயுற்ற பூனையை ஊசியால் உயிர்நீக்கும் வழக்கம் இக்காலத்து உண்டு. அதனை எண்ணுவோர் முதற்கண் தம்மை வினவுதல் வேண்டும்: யாம் முடிக்க விழைவது அதன் துன்பத்தையோ, அதனைப் பேணும் எம் துன்பத்தையோ? இரவில் எழுதலும், தரை துடைத்தலும், பொருட்செலவும் உயிர்நீக்குதற்குக் காரணம் ஆகா. வலி தணித்தல் வேறு. உயிர் நீக்குதல் வேறு. முன்னது நம் கடன். பின்னது நம் உரிமையன்று. உணவை முற்றும் மறுத்து அடங்கும் உயிரை வலிந்து ஊட்டி நீட்டித்தலும் கடனன்று. எம்மருந்தாலும் தணியாத வலியைக் கண்டு, ஆற்றாது, மருத்துவர் சொல்வழி நின்றாரை யாம் பழியேம். அவர் உள்ளத்தை உள்ளிருப்பான் அறிவான்.

பூனை நன்றி கூறாது, புகழ் பரப்பாது, இனி எலியும் பிடியாது. கைம்மாறு சிறிதும் இல்லாத இடத்திற் செய்யப்படுவதே பயன்கருதாப் பணி. சிவபூசை முடித்து எழுந்தோர், அம்மூலையிலுள்ள கிண்ணத்தில் நீர் உளதோ என்று ஒருமுறை நோக்குவாராக.

திருச்சிற்றம்பலம்.