பெயர் பெற்றவர்களும் படித்தவர்களும்

பெண் பிள்ளையைப் படிப்பித்து என்ன பலன் என்று கேட்பவருக்கு ஒரு பட்டியலைச் சொல்லி விடையளிக்க நாங்கள் பழகிவிட்டோம். மீலாத் மேடைகளிலும் பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களிலும் அதைக் கேட்கலாம். பெரும்பாலும் அது பாத்திமா அல்பிஹ்ரியில் தொடங்கும். கி.பி. 859இல் பெஸ் நகரில் கரவிய்யீனை நிறுவியவர் அவர் என்பார்கள். அவரைப் பற்றிய செய்தி 14ஆம் நூற்றாண்டு நூலொன்றில்தான் முதலில் கிடைக்கிறது. ஆகவே வரலாற்றாசிரியர் சிலர் ஐயுறுகிறார்கள். இதை மேடையில் யாரும் சொல்வதில்லை. நாளை அந்த ஐயம் உறுதியாகிவிட்டால் எங்கள் பெண் பிள்ளைகள் வகுப்பறையை விட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட வேண்டுமா?

பட்டியல்களில் ஆகச் சிறந்த ஒன்றையே எடுத்துப் பார்ப்போம். லக்னோவில் உள்ள இஸபெல்லா தோபர்ன் கல்லூரி பெண்களுக்கான கலைக்கல்லூரி. உர்தூ இலக்கியத்தோடு கொஞ்சம் பரிச்சயம் உள்ளவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். ரஷீத் ஜஹான், இஸ்மத் சுக்தாய், குர்ரதுல்ஐன் ஹைதர் ஆகியோரும் ஆங்கிலத்தில் எழுதிய அத்தியா ஹுஸைனும் அங்கு படித்தவர்கள். ஒரே கல்லூரி வாசலால் இப்படி நான்கு முஸ்லிம் பெண் எழுத்தாளர்கள் வெளியே வந்த இடம் வேறு எது?

ஆனால் அந்தக் கல்லூரி நான்கு எழுத்தாளரைக் கொண்டு தொடங்கவில்லை. 1870இல் அமீனாபாத் கடைத்தெருவில், ஓர் அறையில், ஆறு சிறுமியரோடு அமெரிக்க மிஷனரிப் பெண்ணான இஸபெல்லா தோபர்ன் அதைத் தொடங்கினார். வாசலில் மூங்கில் தடியோடு ஓர் இளைஞன் காவலுக்கு நின்றான். பட்டியலில் அந்த ஆறு சிறுமியருக்கு இடமில்லை. தடி பிடித்தவனுக்கும் இல்லை. தோபர்ன் 1901இல் கொலராவால் இறந்தார். அவரிடம் படித்த லீலாவதி சிங் அங்கேயே பேராசிரியையானார். 1939இல் கொன்ஸ்டன்ஸ் பிரேம்நாத் தாஸ் முதல் இந்திய அதிபரானார். அவருக்குப் பின் வந்தவர் கேரளத்துப் பெண்ணான சாரா சாக்கோ.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த நான்கு பேரையும் 'எங்கள் பெண்கள்' என்று இன்று பெருமையாகச் சொல்கிறோம். ரஷீத் ஜஹானின் எழுத்து இடம்பெற்ற 'அங்காரே' தொகுப்பு 1932இல் வெளிவந்தது. முஸ்லிம்களிடையே எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து 1933இல் அரசு அதைத் தடை செய்தது. அவருக்கு மிரட்டல்களும் வந்தன. இஸ்மத் தம் சிறுகதை ஒன்றுக்காக லாஹூர் நீதிமன்றப் படியேறினார். உயிரோடிருந்தபோது எரிச்சலூட்டியவர்களை மறைந்தபின் பரிசளிப்பு விழாவுக்கு அழைக்கிறோம். அவர்களுடைய கருத்துகளோடு எனக்கும் முழு உடன்பாடில்லை. ஆனாலும் ஒருவரின் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு அவர் எழுதியதை வெளியே நிறுத்துவது நேர்மையான கொடுக்கல் வாங்கலாக எனக்குப் படவில்லை.

கடந்த டிசம்பர் விடுமுறையில் கிருலப்பனையில் தங்கையின் வீட்டில் சில நாள் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். என் வயதுதான் இருக்கும். ஹைலெவல் வீதிச் சந்தியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "சேர், மகள் ஓ.எல். எழுதிட்டா. ஏ.எல்.லுக்கு ஆர்ட்ஸ் செய்யப் போறாவாம். ஆர்ட்ஸ் படிச்சி என்னத்துக்கு சேர்? கலியாணம் முடிச்சிக் குடுத்தா சோறுதானே ஆக்கப் போறா."

லக்னோப் பட்டியல் என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அவருடைய மூத்த மகன் இரண்டு முறை உயர்தரம் எழுதிச் சரிவரவில்லை என்று தங்கை சொல்லியிருந்தாள். மூன்றாம் முறைக்கும் டியூஷன் காசு கட்டியிருந்தார். "மகன் படிச்சி என்னத்துக்கு என்று கேட்டீங்களா?" என்றேன். சிரித்தார். "அது வேற சேர்" என்றார்.

எப்படி வேறு? சிக்கலே அந்த இடத்தில்தான் இருக்கிறது. மகனின் படிப்புக்குச் சான்றிதழ் கேட்பதில்லை. மகளின் படிப்புக்கு மட்டும் ஒரு குர்ரதுல்ஐன் ஹைதரைப் பிணை வைக்கச் சொல்கிறோம். பட்டியலை நீட்டுபவர் மகளுக்காக வாதாடுவதாகவே எண்ணுகிறார். உண்மையில் தகப்பனின் அளவுகோலை ஏற்றுக்கொண்டுதான் பேசுகிறார். எழுத்தாளராகவோ நீதிபதியாகவோ ஆகாத தொண்ணூற்றொன்பது பேரின் படிப்பு அந்தக் கணக்கில் நட்டம்தான். கல்வி தேடுவது கடமை என்று ஜும்ஆக்களில் கேட்கிறோம். லுஹர் தொழுது வருபவரிடம் இன்று என்ன கிடைத்தது என்று கணக்குக் கேட்பவர் உண்டா? வறிய தகப்பன் பஸ் காசையும் டியூஷன் காசையும் எண்ணிப் பார்க்கட்டும். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. மகனுக்கும் அதே விரல்களால் எண்ண வேண்டும், அவ்வளவுதான்.

பட்டியலால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. பதினாறு வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லலாம். அவளுக்குத் தைரியம் வரும். தகப்பனிடம் சொல்வதற்கு எங்கள் மரபிலேயே அதைவிட நல்லதொரு வடிவம் இருக்கிறது. அதுதான் இஸ்னாத், அறிவிப்பாளர் தொடர். அதில் இடம்பெறப் புகழ் நிபந்தனையல்ல, நம்பகம்தான் நிபந்தனை. இடையில் ஒரு கண்ணி விட்டுப்போனால் முனையில் உள்ள பெரிய பெயராலும் தொடரைக் காப்பாற்ற முடியாது. ஹிஜ்ரி 463இல் மக்காவில் மறைந்த கரீமா அல்மர்வஸிய்யா புகாரி கிரந்தத்தைக் கற்பித்தவர். அவரும் அப்படியொரு தொடரில் ஒரு கண்ணிதான்.

லக்னோக் கதையையும் அப்படிப் பார்க்கலாம். ரஷீத் ஜஹானின் தாய் வஹீத் ஜஹான் பேகம் வீட்டிலிருந்தே படித்தவர். கணவர் ஷெய்க் அப்துல்லாஹ்வோடு சேர்ந்து 1906இல் அலிகரில் சிறுமியருக்குப் பள்ளிக்கூடம் திறந்தார். மகள் அங்கிருந்து லக்னோ போனார். அலிகரில் படித்த இஸ்மத், தன்னை ஆக்கியவர் ரஷீத் ஜஹான் என்றே சொன்னார். தாய் கதையோ நாவலோ எழுதிப் பெயர் பெறவில்லை. அவரை எடுத்துவிட்டால் பின்னால் வரும் இருவரும் எங்கே?

எங்கள் பக்கத்திலும் அப்படியொரு தொடர் உண்டு. 1946இல் பம்பலப்பிட்டியில் முஸ்லிம் மகளிர் கல்லூரி தொடங்கியபோது அதிபராக வந்தவர் ஆயிஷா ரவூப், மலபாரின் தலைச்சேரியில் பிறந்தவர். பின்னர் கொழும்பு மாநகர சபை உறுப்பினராகி, பிரதி மேயருமானார். அவர் பெயர் பட்டியலில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அங்கு படித்த ஒருவர் எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். உத்தியோகம் பார்க்கவில்லை. அஸருக்குப் பிறகு திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து ஆங்கிலம் சொல்லித் தருவார். ஆங்கில அகராதியில் ஒரு சொல்லைத் தேடி எடுக்க நான் பழகியது அந்தத் திண்ணையில்தான். உள்ளே அடுப்பில் சோறு வெந்துகொண்டிருக்கும்.