காணாமற்போன பெட்டியும் பிறர் அமானத்தும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



பிரயாணம் மனிதனுடைய உணவையும் உறக்கத்தையும் குலைத்துவிடும் கஷ்டம் என்பதும், போன காரியம் முடிந்தவுடன் தாமதியாமல் குடும்பத்தாரிடம் திரும்பிவிட வேண்டும் என்பதும் நம் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் போதனையாகும். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் கிரந்தங்களிலும் இது பதிவாகியிருக்கிறது. ஒட்டகத்தில் ஏறிப் பாலைவனம் கடந்தவர்களுக்குச் சொன்னதுதானே, ஆகாய விமானத்தில் பறக்கும் நமக்கு இது எப்படிப் பொருந்தும் என்று எண்ணுவோரும் இருக்கலாம். அவர்கள் ரத்தாகிப்போன விமானத்தின் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, விமான நிலையத்து நாற்காலியில் ஓர் இரவு உட்கார்ந்து பார்க்கட்டும்.

நம் தகப்பன்மாரும் பாட்டன்மாரும் 'ராஜுலா' கப்பலில் வந்தவர்கள். 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1970-களின் ஆரம்பம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய் வந்துகொண்டிருந்தது. டெக்கில் பாய் விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, ஏறக்குறைய ஒரு வாரம் கடலில் கிடந்து வந்தார்கள். கப்பல் ஒரு நாள் பிந்தினால் கடலின் குணம் அது என்று இருந்துவிடுவார்கள். இன்று சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நான்கு மணி நேரம்தான். அந்த நான்கு மணி நேரத்தை நம்பி, இன்ன நாள் நிக்காஹ், மறுநாள் பத்திரப் பதிவு, அதற்கு மறுநாள் கடைக்குத் திரும்புதல் என்று கணக்குப் போட்டு வைக்கிறோம். ஆகவே ஒரு மணி நேரம் தவறினாலும் ஒன்பது காரியம் தவறுகிறது.

நம் சங்கத்தார் அறுவர் சேர்ந்து திருச்சிக்குப் புறப்பட்ட ஒரு பிரயாணத்தில் இதை நன்றாகவே அனுபவித்தோம். இரவு ஒன்பது மணிக்குப் புறப்பட வேண்டிய விமானம் பத்தரைக்கு என்றார்கள். பிறகு பன்னிரண்டுக்கு என்றார்கள். பிறகு, இன்னும் அரை மணி, இன்னும் அரை மணி என்று இரண்டு மணி வரை இழுத்தார்கள். இரண்டரைக்கு, விமானம் ரத்து என்று பலகையில் வந்தது. மறுநாள் மாலைதான் வேறு விமானம் கிடைத்தது. திருச்சியில் இறங்கிப் பார்த்தால் அறுவரின் பெட்டிகளில் மூன்று வரவில்லை. சுழலும் பட்டையருகே நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். பட்டையும் வெறுமையாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

அன்றிரவு கவுண்டரில் ஒரு கனவான் பாஸ்போர்ட்டை ஓங்கி அடித்து, அங்கே நின்ற இளம் சிப்பந்திப் பெண்ணைக் கேட்கத் தகாத வார்த்தைகளால் ஏசினார். அவர் நம்மவர் என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. விமானம் ஏன் நிற்கிறது என்பதற்கு அந்தப் பெண் என்ன செய்வாள்? ஒரே விமானம் ஒரு நாளில் பல ஊர்களுக்குப் போய் வருகிறது. காலையில் ஓர் ஊரில் மழையால் ஒரு மணி நேரம் பிந்தினால், இரவில் நம் ஊரில் அது மூன்று மணி நேரமாகிறது. விமானியும் சிப்பந்திகளும் இத்தனை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்யக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்த நேரம் தாண்டிவிட்டால் விமானம் நல்ல நிலையில் நின்றாலும் ஓட்ட ஆளில்லை. உறக்கம் கெட்ட விமானி ஓட்டும் விமானத்தில் ஏற நம்மில் யார் சம்மதிப்போம்? இன்னும், 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து தேசத்து எரிமலையொன்று கக்கிய சாம்பலால் ஐரோப்பாவின் ஆகாயமே பல நாள் அடைபட்டது. 2024 ஜூலை 19-ல் ஒரு கணினிப் பாதுகாப்பு மென்பொருளில் நேர்ந்த பிழையால் உலகமெங்கும் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகி, சில விமான நிலையங்களில் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மனிதனின் ஏற்பாடு எவ்வளவு பெரிதானாலும் அதை நிறுத்துவதற்கு எவ்வளவு சிறிய காரணம் போதும் என்பதை அல்லாஹு தஆலா அவ்வப்போது நமக்குக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறான்.

தாமதத்தைவிட நமக்கு அதிகம் எரிச்சல் ஊட்டியது, 'இன்னும் அரை மணி' என்ற பேச்சு. உண்மை தெரிந்திருந்தால் வயோதிகர்களையாவது வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். இதை நாம் கண்டித்தே தீர வேண்டும். ஆனால் சகோதரர்களே, இந்த வார்த்தையை நம் கடைத்தெருவில் கேட்காத நாள் உண்டா? சரக்கு வரவில்லை என்று தெரிந்தும், "நாளைக்கு வந்துவிடும், வாருங்கள்" என்று வாடிக்கைக்காரரை நான்கு முறை நடக்கவிடும் சீலைக்கடையும் மளிகைக்கடையும் இல்லையா? பணம் கையில் இருந்தும், பில்லுக்கு வந்த மொத்த வியாபாரியின் ஆளை, "முதலாளி வெளியே போயிருக்கிறார்" என்று திருப்பி அனுப்புவோர் இல்லையா? தானியக் குவியலுக்குள் கை விட்டு, அடியில் இருந்த ஈரத்தை வெளியே எடுத்துக் காட்டிய நாயகம் (ஸல்) அவர்கள், அதைக் குவியலின் மேலேயே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியைக் கேட்டார்கள். மழையில் தானியம் நனைந்ததற்காக அவரைக் கண்டிக்கவில்லை. நனைந்ததை மறைத்ததற்காகவே கண்டித்தார்கள். விமானம் பிந்துவதும் சரக்கு பிந்துவதும் மழை நனைப்பதைப் போலத்தான்.

தொழுகையைப் பற்றி ஒரு வார்த்தை. அன்றிரவு நம்முடன் இருந்த சிலர், நாம்தான் முஸாபிர் ஆயிற்றே என்று இஷாவை இரண்டு ரக்அத்தாகத் தொழ நினைத்தார்கள். பிரயாணச் சீட்டு கையிலிருப்பதால் மட்டும் ஒருவர் முஸாபிர் ஆகிவிடுவதில்லை; குடியிருக்கும் ஊரின் எல்லையைக் கடந்த பிறகே அச்சலுகை வருகிறது. சிங்கப்பூரில் குடியிருப்பவர் சாங்கியில் காத்திருக்கும்போது நான்காகத் தொழுவதே முறை. வழியில் வேற்றூரில் சிக்கி, இன்றோ நாளையோ விமானம் என்று நாள் நிச்சயமில்லாமல் காத்திருப்பவரின் நிலை வேறு. ஷாபிஈ மத்ஹபில் அவர் பதினெட்டு நாள் வரை கஸ்ரு செய்யலாம். ராவுத்தர்மார் பின்பற்றும் ஹனபி மத்ஹபில், பதினைந்து நாள் தங்குவதாக அவர் நிய்யத்துச் செய்யாத வரை கஸ்ருதான்.

இனிப் பெட்டியின் சங்கதிக்கு வருவோம். அதைப் பேசுமுன் அன்னை ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹா அவர்களின் கழுத்து மாலையை நினைத்துப் பார்ப்போம்.

நாயகம் (ஸல்) அவர்களும் தோழர்களும் ஒரு பிரயாணத்தில் இருந்தபோது அன்னையாரின் மாலை காணாமற்போயிற்று. அது அவருடைய சகோதரி அஸ்மா (ரலி) அவர்களிடம் இரவல் வாங்கியது என்று ஓர் அறிவிப்பில் வருகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தேடுவதற்காகத் தங்கினார்கள். கூட வந்த கூட்டமும் தங்கிற்று. அந்த இடத்தில் தண்ணீர் இல்லை. மக்கள் கையிலும் தண்ணீர் இல்லை. மக்கள் அபூபக்ர் (ரலி) அவர்களிடம் போய், உம்முடைய மகள் செய்த வேலையைப் பாரும் என்று முறையிட்டார்கள். அவர் கோபமாக வந்தார். நாயகம் (ஸல்) அவர்களோ அன்னையாரின் மடியில் தலை வைத்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். தந்தையார் மகளைக் கடிந்துகொண்டு இடுப்பில் குத்தவும் செய்தார். நாயகத்தின் உறக்கம் கலைந்துவிடுமே என்று அன்னையார் அசையாமல் இருந்தார்கள். விடிந்தபோது தண்ணீரில்லை, அப்போதுதான் தயம்மும் பற்றிய இறைவசனம் இறங்கிற்று. பிறகு அன்னையாரின் ஒட்டகத்தை எழுப்பினால், அதன் அடியிலேயே மாலை கிடந்தது.

இச்சம்பவத்தைத் தயம்முமின் சட்டத்துக்காகவே பெரும்பாலும் சொல்கிறோம். வியாபாரிகளாகிய நாம் அதில் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு மாலைதானே, போகட்டும், ஊர் போய் வேறு வாங்கிக் கொடுக்கலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லவில்லை. பிறர் உடைமைக்காக, தண்ணீரில்லாத இடத்தில் ஒரு கூட்டமே தங்கியது. தொலைத்தவரை அவர்கள் ஒரு வார்த்தை கடியவுமில்லை.

நம் மக்கள் ஊருக்குப் போகும்போது சொந்தச் சாமான் மட்டும் கொண்டு போவதில்லை. ஒருவர் போகிறார் என்று தெரிந்ததும் முந்தின நாள் இரவே பொட்டலங்கள் வந்துவிடும். தாயாருக்கு மருந்து, தங்கச்சிக்குச் சேலை, மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரம், இதைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள் காக்கா, என்ன கனம் வந்துவிடப்போகிறது! கப்பல் காலத்திலிருந்து வரும் வழக்கம் இது, நல்ல வழக்கமும்கூட. அன்று வராத மூன்று பெட்டிகளில் இரண்டு மூன்றாம் நாள் வந்துவிட்டன. மூன்றாவது வரவேயில்லை. அதில் நான்கு பேருடைய பொட்டலங்கள் இருந்தன.

அந்தச் சகோதரர் நம்மிடம் கேட்டார்: "நான் இவர்களுக்குக் கடன்பட்டவனா?" ஆலிம்களைக் கலந்தே பதில் சொன்னோம். கூலி வாங்காமல், நன்மையை நாடி எடுத்துச் சென்ற பொருள் அமானத். எடுத்துச் சென்றவரின் அலட்சியமோ வரம்பு மீறலோ இல்லாமல் தொலைந்தால் அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கொடுத்தவர், "இதைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்க, இவர் தம் சௌகரியத்துக்காகப் பெரிய பெட்டியில் போட்டு விமானத்தின் வயிற்றுக்கு அனுப்பியிருந்தால், அது நிபந்தனை மீறியது. ஈடு அவர் தலையில் விழும். நால்வரில் ஒருவர் தம் தாயாரின் மருந்தை அப்படிச் சொல்லித்தான் கொடுத்திருந்தார். சகோதரர் மறுபேச்சுப் பேசாமல், திருச்சியிலேயே அந்த மருந்தை வாங்கி, அம்மையார் வீட்டுக்குத் தாமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். இரவல் வாங்கிய பொருளானால் கணக்கு இன்னும் கடினம். நம் ஷாபிஈ மத்ஹபில், தம் மீது தவறில்லாமல் தொலைந்தாலும் இரவல் வாங்கியவரே பொறுப்பு. கலியாணத்துக்கென்று நகை இரவல் வாங்கிக்கொண்டு விமானம் ஏறும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்தது விமானக் கம்பெனியிடம் கேட்டு வாங்கும் ஈட்டுத்தொகை. உரிமையைக் கேட்பது பொறுமைக்கு விரோதமானதென்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. 1999-ல் மாண்ட்ரியல் நகரில் எழுதப்பட்ட சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா, சிங்கப்பூர், மலேசியா மூன்று தேசங்களும் சேர்ந்திருக்கின்றன. அதன்படி பெட்டி சேதமாகியிருந்தால் ஏழு நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கையில் கிடைத்த நாளிலிருந்து இருபத்தொரு நாளுக்குள்ளும் எழுத்து மூலம் புகார் கொடுத்தாக வேண்டும். வரவேண்டிய நாளிலிருந்து இருபத்தொரு நாள் கழிந்தும் வராத பெட்டி தொலைந்ததாகவே கணக்கு. ஈட்டுக்கும் உச்சவரம்பு உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் அது ஒரு பிரயாணிக்கு 1,519 எஸ்.டி.ஆர்., சிங்கப்பூர் வெள்ளியில் ஏறத்தாழ 2,600 முதல் 2,800 வரை. இது உச்சவரம்பே தவிர, எல்லோருக்கும் கிடைக்கும் தொகையல்ல. உண்மையான நஷ்டம் எவ்வளவோ அவ்வளவே. பெட்டி வரவில்லையென்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் அங்கேயே எழுதிக் கொடுத்து, நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். சீட்டோடு ஒட்டித் தரும் பெட்டிக் குறிச்சீட்டை எறிந்துவிட்டு வெறுங்கையோடு நிற்போர் இன்னும் இருக்கிறார்கள். நகை, பணம், மருந்து ஆகியவற்றை ஒப்படைக்கும் பெட்டியில் வைக்காதீர் என்று கம்பெனிகளின் நிபந்தனைகளிலேயே எழுதியிருப்பதையும் நாம் படிப்பதில்லை.

ஜாபிதா எழுத உட்கார்ந்தபோதுதான் ஷைத்தானும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அந்தச் சகோதரருக்குப் புத்தி சொல்ல நாலு பேர் கூடிவிட்டார்கள். "இரண்டு கடிகாரம் கூடப் போடுங்கள்; பழைய சட்டைக்குப் புது விலை எழுதுங்கள்; ரசீது வேண்டுமானால் நம் கடையிலேயே போட்டுத் தருகிறோம். கம்பெனிக்காரன் பணம்தானே, அவன் நம்மை இரவெல்லாம் வதைத்தானே!" இப்படிச் சொன்னவர்கள் ஐந்து வேளையும் தொழுகிறவர்கள். ஒருவன் நமக்கு அநியாயம் செய்தான் என்பது அவனிடம் பொய் சொல்லிப் பணம் வாங்க அனுமதிச் சீட்டு ஆகிவிடாது. துரோகம் செய்தவருக்கும் நாம் துரோகம் செய்யலாகாது என்பதும் நாயகத்தின் போதனைதான். இல்லாத சரக்குக்கு ரசீது போட்டுத் தரும் கடைக்காரரும் அந்தப் பொய்யில் பங்காளி. பிரயாணியின் துஆ தள்ளப்படுவதில்லை என்று ஹதீஸில் வருகிறது. விமானம் பிந்தப் பிந்த அந்த அரிய நேரமும் நமக்கு நீள்கிறதே என்று அன்றிரவு ஒரு பெரியவர் சொன்னார். அந்த நேரத்திலேயே ஒருவன் பொய்ஜாபிதா யோசித்துக்கொண்டிருந்தால் அவனுக்கு என்ன சொல்வது?

சகோதரர் இருந்ததை இருந்தபடியே எழுதினார். தம் சட்டைகளுக்குப் பழைய விலைதான் போட்டார். மூன்று மாதம் கழித்துப் பணம் வந்தது; கேட்டதில் முக்கால் பங்குதான். அதைத் தாமே வைத்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்கவில்லை. எப்படிப் பங்கிடுவது என்றுதான் கேட்டார். பிறர் பொட்டலங்களைக் காட்டி வாங்கிய தொகை அந்தப் பிறருக்கே உரியது. குறைந்து வந்தால் எல்லோர் பங்கிலும் விலைக்குத் தக்கபடி குறைய வேண்டும் என்று ஆலிம்கள் சொன்னார்கள். மருந்துக்கு அவர் முன்பே ஈடு கொடுத்துவிட்டதால் அந்தப் பங்கு அவருக்கே திரும்பிற்று. மற்ற மூவருக்கும் கணக்கு எழுதிய காகிதத்தோடு பணத்தைக் கொண்டுபோனார். இருவர் வாங்கிக்கொண்டார்கள். ஒருவர், "சேலைதானே காக்கா, வைத்துக்கொள்ளுங்கள்" என்று மன்னித்துவிட்டார்.

இப்போது அவர் ஊருக்குப் புறப்படும்போது, பொட்டலம் கொண்டுவருவோரிடம் ஒரு நோட்டை நீட்டுகிறார். உள்ளே இருப்பது என்ன, விலை என்ன, கைப்பையிலா பெட்டியிலா என்று அவர்களே எழுதிக் கையெழுத்திட வேண்டும். பொட்டலத்தை அவர் முன்னிலையில் பிரித்துக் காட்டவும் வேண்டும். இதனால் சிலர் கோபித்துக்கொண்டு வேறு ஆளைத் தேடிப் போய்விட்டார்கள் என்றும் கேள்விப்பட்டோம்.

வஸ்ஸலாம்.