"எப்படி இருக்கு அண்ணே?"

ஒருவர் தான் செய்ததைக் கொண்டுவந்து நம்மிடம் காட்டி, "எப்படி இருக்கு?" என்று கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? பாதிப் பேர் "சூப்பர்" என்கிறோம். மீதிப் பேர் குறை கண்டுபிடிக்கிறோம். குறை சொல்பவன்தான் நேர்மையானவன் என்று நான் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு ஆட்டம் கண்ட கதை இது.

என் பெரியப்பா மகன், என்னைவிட ஆறு வயது இளையவன், ஒரு இணையத்தளம் செய்திருந்தான். குதிரைப் பந்தயத்தைப் பற்றியது. ஏர்கான் பழுது பார்ப்பது அவன் வேலை. கணினி படித்தவன் இல்லை. யூடியூப் பார்த்து, ராத்திரி கண் விழித்துத் தானே கட்டியது. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடியது. அன்றைக்குப் போய் நின்று படம் எடுத்து வந்தான். 1842இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஒரு கழகத்தின் ஓட்டம் அன்றோடு நின்றது. அந்த நிலம் வீடு கட்டப் போகப்போகிறது. "யாராச்சும் எழுதி வைக்கணும்ல அண்ணே" என்றுதான் ஆரம்பித்தான்.

குடும்ப வாட்ஸ்அப்பில் இணைப்பைப் போட்டு, "பார்த்துட்டுக் கருத்து சொல்லுங்க" என்று கேட்டிருந்தான். கட்டைவிரல், கைதட்டல், கும்பிடு என்று வரிசையாக வந்தன. ஒரு அத்தை பிறந்தநாள் கேக் படம் போட்டார். ஏன் என்று இன்றுவரை தெரியாது. எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்பது எனக்குச் சந்தேகமே.

நான் திறந்தேன். கரும்பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. கண் கூசியது. கைத்தொலைபேசியில் அட்டவணை பாதியில் வெட்டிக்கொண்டு ஓடியது. தமிழ் எழுத்து சில இடங்களில் கட்டம் கட்டமாக வந்தது. மேலே ஒரு குதிரை நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது, பாவம். பக்கங்கள் ஐந்து. கிராஞ்சி, புக்கிட் தீமா, பெயர் பெற்ற குதிரைகள், பந்தய அட்டையைப் படிப்பது எப்படி, கடைசியாக "இந்த வாரக் கணிப்பு". சுங்கை பீசியிலும் ஈப்போவிலும் ஓடப்போகும் குதிரைகளில் எது வரும் என்று சொல்லும் பக்கம்.

உட்கார்ந்து பதினோரு குறை எழுதி அனுப்பினேன். நிறம், எழுத்தளவு, பிழை எல்லாம். ஒன்பதாவது இது: "கணிப்புப் பக்கம் அடியில் கிடக்கிறது, தேட வேண்டியிருக்கிறது. மேலே கொண்டு வா."

இரண்டே ராத்திரியில் பதினொன்றையும் சரி செய்துவிட்டான். "நீங்க ஒருத்தர்தான் அண்ணே உண்மையா பார்த்துச் சொன்னீங்க" என்று குரல் பதிவு அனுப்பினான். அதைக் கேட்டதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புக்கிட் தீமா காலத்திலிருந்து அவருக்குக் குதிரைப் பித்து. கோப்பிக் கடையில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு குதிரைப் பெயர்களைச் சத்தமாக வாசிப்பார். பக்கத்தில் உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டே தம்பி அந்தப் பெயர்களில்தான் ஆங்கில எழுத்துக் கூட்டக் கற்றான். அதே பெரியப்பாவால்தான் பெரியம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்கும் வீட்டுக்குமாக நடந்தது. ஒரு வருஷம் போனது திரும்பவில்லை. இது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை.

அந்த வீட்டில் வளர்ந்த பையன் அடுத்த வீட்டுக்காரனுக்குக் கணிப்பு எழுதுகிறான். நான் அதை மேலே நகர்த்தச் சொல்கிறேன். நான் சொன்ன பதினொன்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் அந்தப் பதினோரு உண்மையையும் போர்வையாகப் போர்த்திக்கொண்டு பன்னிரண்டாவதைச் சொல்லாமல் தப்பித்திருக்கிறேன். "சூப்பர்" என்று சொன்ன அத்தைகூட இதைவிடத் தேவலை. அவர் தளத்தைக் கூர்மையாக்கித் தரவில்லையே!

மகாபாரதத்தில் சூதாட்ட மண்டபத்தில் திரௌபதி கேள்வி கேட்டபோது பீஷ்மர் பொய் சொல்லவில்லை. தர்மம் நுட்பமானது, தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை என்கிற மாதிரி பதில் சொன்னார். சட்டப்படி யோசித்தால் அதில் பிழைகூட இல்லை. நுட்பமான பதில்களுக்கு இப்படி ஒரு வசதி உண்டு.

எதிர்க்கேள்வியும் எனக்குள் வந்தது. அவன் கேட்டது தளத்தைப் பற்றி, புத்திமதி கேட்கவில்லை. சட்டை எப்படி இருக்கு என்று கேட்பவனிடம் உன் நடத்தை சரியில்லை என்று சொல்வதா? இதை லேசாகத் தள்ள முடியாது. கேட்காத இடத்தில் உபதேசம் செய்கிறவர்களால்தான் நம் இளைஞர்கள் பெரியவர்களிடம் எதையும் காட்டுவதையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் நான் வேலையில் கை வைத்துவிட்டேன். ஒன்பதாவது குறிப்புக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் என் பங்கும் இருக்கிறது. பங்காளி வாய் திறக்கலாம்.

ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு கடையில் சந்தித்தோம். தோசை வருவதற்குள் சொல்லிவிட்டேன். அவன் தயாராக இருந்தான் போலிருக்கிறது. "இது சூது இல்லண்ணே, திறமை. சென்னை ரேஸ் கிளப் வழக்குல இந்திய உச்ச நீதிமன்றமே 1996ல சொல்லியிருக்கு" என்றான். உண்மைதான், சொல்லியிருக்கிறது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஓட்டுபவரின் சாமர்த்தியம், இவற்றை எடைபோடுவது திறமை என்றுதான் தீர்ப்பு.

சரி, கணக்குக்கு வருவோம் என்றேன். டோட்டில் எல்லாருடைய பணமும் ஒரே குடத்தில் விழுகிறது. நடத்துகிறவர் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்கிறார். மீதியைத்தான் ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள். ஆக, கட்டியவர்களை மொத்தமாகச் சேர்த்தால் நட்டம்தான், எத்தனை திறமை இருந்தாலும். ஒரே குதிரைமேல் நிறைய பேர் கட்டினால், அது வந்தாலும் ஆளுக்குக் கிடைப்பது குறையும். உன் கணிப்பு நல்ல கணிப்பாக இருந்து நூறு பேர் அதை நம்பினால், அந்த நூறு பேருக்கும் அதன் விலை குறைகிறது. அப்புறம் யாருக்காக எழுதுகிறாய்?

அவன் தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "அந்தப் பக்கத்தைத்தான் ஜனங்க பார்க்கிறாங்க. மத்ததை யாரும் தொடறதில்ல" என்றான். எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் "எப்படி இருக்கு" என்று கேட்டது நிறத்தைப் பற்றி இல்லை. மற்ற நாலு பக்கத்தை யாராவது படித்தார்களா என்று கேட்டிருக்கிறான். நானும் படிக்கவில்லை. பிழை மட்டும் பார்த்தேன்.

அன்று ராத்திரி படித்தேன். குதிரைகள் பக்கத்தில் பெரியப்பா கோப்பிக் கடையில் வாசித்த பெயர்கள் இருந்தன. அவர் பெயர் மட்டும் எங்கும் இல்லை. சங்கிலியும் இல்லை. பன்னிரண்டாவது குறிப்பாக இதை எழுதினேன்: அப்பாவைப் பற்றி எழுது, இரண்டையும் எழுது. பதின்மூன்றாவது: நாம் தோசை சாப்பிட்ட தெருவின் பெயர் எங்கிருந்து வந்தது என்று எழுது. 1933இல் புக்கிட் தீமாவுக்குப் போகும்வரை ஓட்டம் ஃபேரர் பார்க்கில்தான். 1942 பிப்ரவரி 17ஆம் தேதி, சரணடைந்த இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியர்களிடம் ஒப்படைத்ததும் அதே திடலில்தான்.

மூன்று வாரம் பதில் இல்லை. போன வாரம் இணைப்பு வந்தது. கணிப்புப் பக்கம் எடுபடவில்லை, மறுபடி அடிக்குப் போயிருக்கிறது. ஃபேரர் பார்க்குக்குப் புதிதாக ஒரு பக்கம். அதில் 1842 என்பது 1824 ஆகியிருந்தது. பெரியப்பாவைப் பற்றி மூன்றே வரி, அதில் சங்கிலி இல்லை. அடியில், "எப்படி இருக்கு அண்ணே?"

வருஷத்தைத் திருத்தச் சொன்னேன். மூன்று வரியும் நன்றாக இருக்கிறது, நாலாவது வரி எப்போது என்று கேட்டேன். கணிப்புப் பக்கத்தைப் பற்றியும் திரும்பச் சொன்னேன்.