வழி யாருக்கு உரியது?

வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்திறங்கி, இங்கிருந்து மற்றொரு விமானம் பிடித்துச் சொந்த ஊர் செல்பவர்கள் அனைவருக்கும் பொதுவான ஓர் அனுபவம் உண்டு. நாட்டில் முதலில் கால் வைக்கும் விமான நிலையத்திலேயே இமிகிரேஷன் எனப்படும் குடிநுழைவுச் சோதனை முடிந்தாக வேண்டும். பெரும்பாலும் அங்கேயே பெட்டிகளைப் பெற்றுக்கொண்டு, சுங்கப் பகுதியைக் கடந்து, மீண்டும் அவற்றை ஒப்படைக்க வேண்டும். அதன்பின் பாதுகாப்புச் சோதனை. ஒவ்வோர் இடத்திலும் ஒரு வரிசை. உள்நாட்டு விமானத்தின் நுழைவாயிலோ, புறப்படும் நேரத்திற்கு ஏறத்தாழ 25 நிமிடங்களுக்கு முன்பே மூடப்பட்டுவிடும். வந்த விமானம் சிறிது தாமதித்துவிட்டால், இடையில் இருந்த நேரம் முழுவதும் அந்த வரிசைகளிலேயே கரைந்து போகிறது.

தில்லி இந்திரா காந்தி பன்னாட்டு விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில், விடியற்காலை நேரத்து வரிசை ஒன்றில் இருவர் நிற்பதாக எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் ரியாத்தில் கட்டடப் பணி செய்பவர். பீகாரில் தந்தை காலமான செய்தி கேட்டு, கிடைத்த முதல் டிக்கெட்டில் புறப்பட்டவர். மூத்த மகனாகிய அவர் சென்றுதான் சிதைக்குத் தீ மூட்ட வேண்டும். பாட்னா விமானத்திற்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரமே உள்ளது. மற்றவர் விடுமுறையில் வருபவர். இடைவெளி மிகக் குறைவு என்று அறிந்தும், கட்டணம் சற்று மலிவு என்பதால் அந்தப் பயணத்தைத் தேர்ந்தெடுத்தவர். இருவரும் முன்னால் நிற்பவரிடம் கேட்பது ஒன்றே: "கொஞ்சம் முன்னே செல்லலாமா? என் விமானம் புறப்படப் போகிறது."

இதைக் கேட்பவனின் தர்மம் யாது? வழிவிட வேண்டியதுதானே, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று தோன்றும். கருணை உள்ளவர்கள் அவ்வாறே செய்கிறார்கள். ஆயினும் வரிசையின் முகப்பில் நிற்பவர் ஒருவரைத் தமக்கு முன்னே விடும்போது, அவர் கொடுப்பது தம்முடைய இரண்டு நிமிடங்களை மட்டும் அன்று. அவருக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றால், நாற்பது பேரின் இரண்டு நிமிடங்களையும் சேர்த்தே கொடுக்கிறார். அந்த நாற்பது பேருள், இதே போன்ற அவசரத்தில் இருந்தும் கேட்கக் கூசி வாய்மூடி நிற்கும் ஒரு மூதாட்டியும் இருக்கக் கூடும். தனக்கு உரிய பொருளையே தானம் செய்யலாம் என்பது அறநூல்களின் பொதுக் கொள்கை. பிறர் பொருளை எடுத்துக் கொடுத்துவிட்டு நன்றியை மட்டும் தான் பெற்றுக்கொள்வது எவ்வகைத் தானம்?

வழி யாருக்கு உரியது என்னும் வினா விமானங்களோடு பிறந்ததன்று. மகாபாரதத்தின் ஆதி பர்வத்தில் கல்மாஷபாதன் வரலாறு வருகிறது. இட்சுவாகு குலத்து அரசனாகிய அவன் வேட்டையாடிக் களைத்து, பசியோடும் தாகத்தோடும் ஒரு குறுகிய பாதையில் வருகிறான். ஒருவர் மட்டுமே செல்லக்கூடிய பாதை அது. எதிரே வசிஷ்டரின் மூத்த புதல்வர் சக்தி முனிவர் வருகிறார். விலகு என்கிறான் அரசன். அரசனே வழிவிட வேண்டும் என்பது தர்மம் என்கிறார் முனிவர். வாக்குவாதம் முற்றி அரசன் சவுக்கால் அடிக்கிறான். முனிவர் அவனை அரக்கனாகுமாறு சபிக்கிறார். பின்னர் அந்த அரக்கனுக்கு முதல் இரையானவர் அவரே. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஒருவனுக்குப் பசி, மற்றவருக்குச் சாத்திரம். ஓர் ஓரமாக ஒதுங்கி நிற்க இருவராலும் இயலவில்லை.

மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் இதற்கு ஒரு வரிசைமுறையே தருகிறது. வண்டியில் வருபவர், தொண்ணூறு கடந்த முதியவர், நோயாளி, சுமை தூக்கி வருபவர், பெண், கல்வி முடித்துத் திரும்பும் சிநாதகன், அரசன், மணமகன் ஆகியோருக்கு வழிவிட வேண்டும் என்கிறது. இப்பட்டியலில் அவசரக்காரன் இல்லை என்பது கவனிக்கத் தக்கது. முகூர்த்தத்திற்குச் செல்லும் மணமகன் அவசரக்காரன்தானே எனலாம். உண்மைதான், ஆனால் மாலையைக் கண்டாலே அவனை அறிந்துகொள்ளலாம். முதுமையும் நோயும் சுமையும் அவ்வாறே கண்ணுக்குத் தெரிபவை; சான்று வேண்டாதவை. அவசரமோ உள்ளே இருப்பது. ரியாத்திலிருந்து வந்தவரின் முகத்திலும் விடுமுறைப் பயணியின் முகத்திலும் ஒரே பதற்றம்தான் தெரியும்.

அப்படியானால் காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டு வழிவிடலாமே என்ற எண்ணம் எழலாம். அது கொடுமையானது. தந்தையை இழந்தவன், முன்பின் அறியாத நாற்பது பேரிடம் தன் துயரத்தைச் சீட்டுப் போலக் காட்டி இடம் பெற வேண்டுமா? வன பர்வத்தில் ஜனகரின் வேள்விக்குச் செல்லும் சிறுவன் அஷ்டாவக்கிரன், வழியில் அரசரையே எதிர்கொள்கிறான். வாதத்தில் தோற்று நீரில் மூழ்கடிக்கப்பட்ட தந்தையின் பொருட்டே அவன் செல்கிறான். எனினும் அங்கே அவன் பேசுவது வழியின் முறையைப் பற்றித்தான். தந்தையைப் பற்றி அன்று. ஜனகரும் காரணம் கேளாமலே வழிவிடுகிறார்.

காரணம் கேளாமல் கொடுக்கலாம். கொடுப்பது தன்னுடையதாக இருந்தால் போதும். வரிசையில் அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. தன் இடத்தை அவருக்குத் தந்துவிட்டு, அவர் நின்ற இடத்திற்குத் தான் போய் நிற்பது. அப்போது இடையில் நிற்கும் ஒருவருக்கும் ஒரு நிமிடமும் குறையாது. வழிவிடுவதை எளிதென எண்ணுபவர் பலர், இப்படி இடம் மாற்றிக்கொள்ளச் சொன்னால் தயங்குவர். அந்தத் தயக்கமே, முன்பு கொடுத்ததில் தம்முடையது எவ்வளவு இருந்தது என்பதைக் காட்டிவிடும்.

கேட்பவனுக்கும் தர்மம் உண்டு. ஒரே முன்பதிவில் எடுத்த பயணமாயின், முதல் விமானத்தின் தாமதத்தால் அடுத்ததைத் தவறவிட்டவரை வேறு விமானத்தில் அனுப்பும் பொறுப்பை நிறுவனம் ஏற்கிறது. தனித்தனி டிக்கெட்டாயின் இழப்பு பயணியுடையதே. அந்த இழப்புக்கான இடத்தைக் கணக்கில் சேர்க்காமல் குறுகிய இடைவெளியைத் தேர்ந்தெடுப்பவர், மிச்சம் பிடித்த பணத்தைப் பிறரின் பொறுமையிலிருந்து எடுக்க முன்கூட்டியே முடிவு செய்தவர் ஆகிறார். இது சற்றுக் கடுமையான சொல்தான். ஆனால் வரிசையில் நிற்கும் மூதாட்டியின் பக்கத்திலிருந்து பார்த்தால் கடுமை தெரியாது. இந்தியர்கள் முன்பதிவு செய்துகொண்டு, தானியங்கி வாயில் வழியே விரைந்து செல்லும் திட்டம் 2024 ஜூன் மாதம் இதே மூன்றாம் முனையத்தில் தொடங்கப்பட்டது. வசதி உள்ளவர் அதற்குப் பதிந்துகொள்வதும் பிறருக்கு வழிவிடும் ஒரு வகையே.

ரியாத் தொழிலாளிக்கு இவை எதற்கும் நேரம் இருந்ததில்லை. அவரைப் போன்றோருக்காக நிலையத்தார் செய்யக் கூடியது ஒன்று உண்டு. ஊழியர் ஒருவர் வந்து, "பாட்னா விமானத்திற்குச் செல்வோர் யாரேனும் உண்டா?" என்று உரக்கக் கேட்டு, இருப்பவர்களைத் தனியே அழைத்துச் சென்றால் போதும். யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. யாருடைய துயரமும் வெளிப்பட வேண்டியதில்லை. கேட்கக் கூசி நின்ற மூதாட்டியும் அந்தக் குரலுக்குக் கை உயர்த்துவாள்.

கீதையின் பன்னிரண்டாம் அத்தியாயம் பக்தனின் இலக்கணம் கூறுகையில், உலகைக் கலங்கச் செய்யாமையையும் உலகால் கலங்காமையையும் இணைத்தே வைக்கிறது. இரண்டாவதை மட்டும் பிரித்தெடுத்து, பதறி நிற்பவரிடம், "எல்லாம் இறைவன் சித்தம், அமைதியாக இருங்கள்" என்று கூறுவோர் உண்டு. தம் அடுத்த விமானத்திற்கு ஐந்து மணி நேரம் வைத்திருப்பவர் அதைச் சொல்லும்போது அந்த உபதேசம் சுவைப்பதில்லை. பற்றின்மையைத் தனக்கு வைத்துக்கொண்டு, தன் இடத்தைப் பிறருக்குத் தருவதே சாதகனுக்குப் பொருந்தும்.

இத்தனைக்குப் பின்னும் நுழைவாயில் மூடிவிடலாம். அதைத் திறக்கச் சொல்வதும் பழைய கணக்கே; உள்ளே அமர்ந்திருக்கும் நூற்றுக்கு மேற்பட்டோரின் நேரம் அது. வாயிலில் நிற்கும் ஊழியரால் அதைக் கொடுக்க இயலாது. அடுத்த விமானத்தில் இடம் தேடித் தரலாம்; வீட்டிற்குப் பேசத் தம் தொலைபேசியை நீட்டலாம். மறுமுனையில் உள்ளவர்கள், இளைய மகனைக் கொண்டு தீ மூட்டுவதா, பொறுத்திருப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலும் பொறுத்திருக்கவே தீர்மானிக்கிறார்கள். உடலைச் சுற்றிப் பனிக்கட்டி அடுக்குகிறார்கள். தகனம் முடியும்வரை அந்த வீட்டில் அடுப்பு எரிவதில்லை. தோள் கொடுக்க வந்தவர்கள் மரநிழலில் பசியோடு அமர்ந்திருக்கிறார்கள். மகன் எப்போது வருவான் என்று மட்டுமே கேட்கிறார்கள். ஏன் தாமதம் என்று அவர்கள் கேட்பதில்லை.