பிரித்துச் சொல்லாத விலை

உரக்கடையில் யூரியா கேட்டு நிற்கும் விவசாயியிடம், நுண்ணூட்ட உரப் பாக்கெட்டையும் சேர்த்து வாங்கினால்தான் மூட்டை கிடைக்கும் என்று சொல்வது தமிழ்நாட்டுக் கிராமங்களில் பழைய புகார். பயிர் வெளுத்து நிற்கிறது, பக்கத்துக் கடையில் இருப்பு இல்லை. அவர் இரண்டையும் வாங்கிக்கொண்டு போகிறார். இப்படி விற்கக் கூடாது என்று அரசின் தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் இதைத் தவறு என்று சொல்ல யாரும் தயங்க மாட்டார்கள். அந்த நுண்ணூட்டம் நல்ல சரக்காகவே இருக்கலாம், விலையும் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் ஒருவருடைய அவசரத்தைப் பிடித்துக்கொண்டு, அவர் கேட்காத ஒன்றை அவர் தலையில் கட்டுகிறார்கள். செல்போன் நிறுவனங்கள் புதுப் போனுக்கும் மாதக் கட்டணத்துக்கும் வைக்கும் விலையை எடைபோட இந்த ஒரு படிக்கல் போதும்.

அமெரிக்காவில் 2008-ல் நடந்ததைப் பாருங்கள். முதல் ஐபோன் அதற்கு முந்தைய ஆண்டு வந்திருந்தது. அதன் 8 ஜி.பி. மாடலின் விலை 2007 செப்டம்பரில் 399 டாலராகக் குறைக்கப்பட்டது. 2008 ஜூலையில் ஐபோன் 3ஜி வந்தபோது, ஏடி அண்ட் டி நிறுவனம் அதை 199 டாலருக்குக் கொடுத்தது, இரண்டாண்டு ஒப்பந்தத்தோடு. பாதி விலை என்றே எல்லோருக்கும் தோன்றியது. ஆனால் மாத டேட்டா கட்டணம் 20 டாலரிலிருந்து 30 டாலராக ஏறியிருந்தது. மாதம் 10 டாலர் வீதம் 24 மாதத்துக்கு 240 டாலர். கடையில் குறைந்தது 200, பில்லில் ஏறியது 240. பழைய 20 டாலருக்குள் 200 எஸ்.எம்.எஸ். அடங்கியிருந்தது, புதிய 30 டாலரில் அதுவும் இல்லை.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் உண்டு. போனின் விலையில் பெரும்பகுதியை அது ஆப்பிளுக்கு முன்கூட்டியே கொடுத்தது. 3ஜி வேகமும் கூடுதல்தான். 399 டாலரை ஒரே நாளில் எடுத்துவைக்க முடியாதவருக்கு 199 என்பது உண்மையான உதவி. தவணையில் விற்பதே தப்பு என்று சொன்னால் நம் வீடுகளில் பாதிப் பொருள் வந்திருக்காது. வீடு வீடாகப் பாத்திரமும் புடவையும் விற்ற தவணைக்காரர்கள் வட்டி சேர்த்துத்தான் விற்றார்கள். ஆனால் அவர்கள் ஓர் அட்டை கொடுத்தார்கள். மொத்தம் எவ்வளவு, கட்டியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். கடைசித் தவணை கட்டியதும் அட்டையைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

செல்போன் ஒப்பந்தத்தில் அந்த அட்டை கிடையாது. போனின் கடனும் பேசுவதற்கான கட்டணமும் ஒரே தொகையாகப் பில்லில் வந்தன. 24 மாதம் முடிந்து கடன் தீர்ந்த பிறகும் பில் குறையவில்லை. தனக்கே சொந்தமாகிவிட்ட போனுக்கு வாடிக்கையாளர் தொடர்ந்து பணம் கட்டிக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் டி-மொபைல் 2013 மார்ச்சில் ஒப்பந்த முறையைக் கைவிட்டு, போன் தவணையையும் சேவைக் கட்டணத்தையும் தனித்தனியாகப் பிரித்தது. தவணை முடிந்ததும் அந்தத் தொகை பில்லிலிருந்து மறைந்தது.

பிரிட்டனில் இந்த வசூல் இன்னும் நீண்ட காலம் ஓடியது. சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 2018-ல் சந்தைப் போட்டி ஆணையத்திடம் இது பற்றி முறைப்படி புகார் கொடுத்தது. கடன் தீர்ந்த பிறகும் பழைய ஒப்பந்தத்திலேயே வெகுநாள் இருந்துவிட்டவர்களில் 65 வயதைத் தாண்டியவர்களின் விகிதம் மற்றவர்களைவிட அதிகம் என்று அது முன்பே காட்டியிருந்தது. விஷயம் தெரிந்த இளைஞர் கணக்குப் பார்த்து வேறு நிறுவனத்துக்கு மாறிவிடுகிறார். ஒரே கம்பெனியை நம்பி இருக்கும் பெரியவர் கூடுதலாகக் கட்டுகிறார். ‘ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதே, படித்துப் பார்த்திருக்கலாமே’ என்பது சட்டத்துக்கு முன் நிற்கலாம். ஆனால் எதிராளி கவனிக்க மாட்டார் என்பதையே வருமானமாகக் கணக்கிட்டு வைத்திருப்பவருக்கு அப்படிச் சொல்லும் தகுதி இல்லை. 2020 பிப்ரவரியிலிருந்து, ஒப்பந்தம் முடிவதற்கு 10 முதல் 40 நாள் முன்பே வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் கட்டாயமாக்கியது.

இந்தியாவில் பெரும்பாலும் போன் தனி, சிம் தனி. இது நமக்கு வாய்த்த நல்ல பழக்கம். இங்கும் இரண்டையும் சேர்த்துக் கட்டிய முயற்சிகள் உண்டு. 2021-ல் வந்த ஜியோபோன் நெக்ஸ்ட்டின் ரொக்க விலை 6,499 ரூபாய். ஒரு தவணைத் திட்டத்தில் முன்பணம் 1,999, செயலாக்கக் கட்டணம் 501, பிறகு மாதம் 300 வீதம் 24 மாதம். ஆக மொத்தம் 9,700. கூடுதலான 3,201 ரூபாயில் இரண்டாண்டுக்கான அளவான பேச்சும் டேட்டாவும் அடக்கம். இது பகற்கொள்ளை இல்லை, சிலருக்கு லாபமாகக்கூட இருந்திருக்கும். ஆனால் அந்த 3,201-ல் வட்டி எவ்வளவு, சேவை எவ்வளவு என்பது அந்தத் தொகையைப் பார்த்து வாங்குபவருக்குத் தெரியாது. முதல் ஸ்மார்ட்போன் வாங்கும் ஏழைக்கு அதைச் சொல்லாமல் விடுவது குறைதான்.

நம் ஊரில் பெரிய அநியாயம் ரீசார்ஜ் பேக்குக்குள் இருக்கிறது. இந்தியாவில் கோடிக்கணக்கானோர் இன்னும் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பேச்சு, வங்கி அனுப்பும் ஓ.டி.பி., பேரன் வெளியூரிலிருந்து கூப்பிட்டால் எடுக்க உயிரோடு ஒரு சிம். ஆனால் பல ஆண்டுகளாக அவர்கள் போட்ட பேக்கிலெல்லாம் டேட்டா ஒட்டிக்கொண்டிருந்தது. யூரியாவோடு நுண்ணூட்டப் பாக்கெட். 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டும் தனி பேக் கொடுத்தாக வேண்டும் என்று உத்தரவிட்டது.

அடுத்த மாதம் பேக்குகள் வந்தன. 6 ஜி.பி. டேட்டாவோடு 509 ரூபாயாக இருந்த 84 நாள் பேக்குக்குப் பதில், டேட்டா இல்லாத ஒன்றை ஏர்டெல் 499 ரூபாய்க்கு வைத்தது. 6 ஜி.பி.யை எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தது 10 ரூபாய்! டேட்டா தீர்ந்து தனியாக ஒரு ஜி.பி. போட்டாலே அதைவிடக் கூடுதலாகும். கட்டணங்களை ஆராயப்போவதாக டிராய் சொன்ன பிறகு விலை 469-க்கு இறங்கியது. நியாயமான விலை முதலில் வைத்ததுதான் என்றால் சில நாட்களில் 30 ரூபாய் குறைக்க எப்படி முடிந்தது?

உலகில் மிகக் குறைந்த விலைக்கு டேட்டா கிடைக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று, அலைக்கற்றை ஏலத்துக்குக் கொட்டிய பணத்தை எங்கே எடுப்பது என்பது நிறுவனங்களின் பதில். 2022 ஏலத்தில் மட்டும் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் போனது உண்மை. கோபுரம் நட்டவர் முதலை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் யாரிடம்? நாள் முழுக்கப் படம் பார்ப்பவரின் செலவில் ஒரு பங்கைப் பட்டன் போன்காரர் சுமப்பது எந்தத் தராசிலும் நிற்காது. வசதியுள்ளவர் கூடுதலாகக் கொடுத்து இல்லாதவரைத் தாங்குவதை ஏற்கலாம். இங்கே சுமை மேலிருந்து கீழே இறங்கியிருக்கிறது. டேட்டா மலிவு என்ற வாதம் டேட்டாவே வேண்டாதவருக்குப் பதிலாகாது.

28 நாள் கணக்கும் இதே வகை. மாதம் ஒருமுறை போடுவதாக நினைப்பவர் ஆண்டுக்கு 13 முறை போடுகிறார். 2022 ஜனவரியில் டிராய் சொன்ன பிறகுதான் 30 நாள் பேக்கும் மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பேக்கும் கட்டாயமாயின. அவை இருப்பதே பலருக்குத் தெரியாது. ரீசார்ஜ் கடையில் கேட்டால்தான் சொல்வார்கள், சில கடைகளில் கேட்டாலும் தேட வேண்டியிருக்கும்.

டிராய் இன்னும் ஓர் உத்தரவு போட வேண்டும். ஒவ்வொரு பேக்கிலும் பேச்சுக்கு எவ்வளவு, டேட்டாவுக்கு எவ்வளவு என்றும், போனோடு சேர்த்து விற்றால் போனுக்கு எவ்வளவு, வட்டி எவ்வளவு என்றும் தனித்தனி வரியாகத் தமிழிலும் அச்சிட்டுக் கொடுக்கச் சொல்ல வேண்டும். அதுவரை, வீட்டில் பட்டன் போன் வைத்திருக்கும் அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ ரீசார்ஜ் போடுபவர்கள், டேட்டா இல்லாத பேக்கைக் கேட்டு வாங்குங்கள்.