மிதித்த கால்

மீட்பைப் பெற்ற ஒருவர் அதை இழக்க முடியுமா? கால்வின் மரபினர் முடியாது என்பார்கள். 1618-19இல் டோர்ட் சங்கம் அதையே உறுதிசெய்தது. வெஸ்லி மரபினர் இழக்கலாம், மனந்திரும்பினால் மறுபடி பெறலாம் என்பார்கள்.

டோர்ட்டில் விவாதம் நடந்தபோது ஜப்பானில் கிறிஸ்தவம் தடையாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. பிறகு நாகசாகியில் ஆண்டுதோறும் இயேசுவின் அல்லது மரியாளின் உருவத்தை மிதித்துக் காட்ட வேண்டும். மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களும் மிதித்தார்கள். வீட்டுக்கு வந்து ‘கொஞ்சிரிசான்’ என்ற மனஸ்தாப ஜெபத்தைச் சொன்னார்கள். பாவமன்னிப்பு தர குருக்கள் யாரும் இல்லை.

இங்கேதான் சிக்கல். இனி செய்யமாட்டேன் என்ற உறுதி இல்லாமல் மனஸ்தாபம் நிறைவாகாது. ஆனால் அடுத்த வருஷமும் மிதிக்கத்தான் போகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். அப்போ அந்த ஜெபம் வெறும் லைசென்ஸ் புதுப்பிப்பா? மிதிக்க மறுத்துச் செத்தவர்களுக்கு என்ன பதில்?

அவர்களுக்குச் சமமாக இவர்களை நான் வைக்கமாட்டேன். ஆனாலும், கைவிட்டவனுக்கு அழுகை எதற்கு? மிதித்தபின் வலிக்கிறது என்றால் உள்ளே ஏதோ ஒன்று போகாமல் இருக்கிறது. டோர்ட் அதை ‘இழக்கவில்லை’ என்கிறது, வெஸ்லி ‘திரும்பப் பெற்றான்’ என்கிறார். இருவரும் பார்ப்பது ஒரே கண்ணீரைத்தான்.

1865இல் ஔரா தேவாலயத்துக்கு வந்து, பிரெஞ்சு குருவிடம் தங்களை வெளிப்படுத்திக்கொண்டவர்கள் இப்படி மிதித்தவர்களின் வழிவந்தவர்களே. வலிக்காமல் மிதிக்கப் பழகியிருந்தால் யாரும் வந்திருக்கமாட்டார்கள்.